மூன்றாம் மாடியின் அடிநாதம்

உலகத்தின் எல்லாப் பாட்டையும் தாங்கி நிற்கும் தூண், அடிக்குரலில் முழங்கும் பேஸ் கிட்டார்தான் என்பது ஜெபராஜின் கொள்கை. அந்தத் தூணை அவன் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தான். கம்பியின் அதிர்வை வாங்கி ஒலியாக்கும் பிக்கப்பை மாற்றினான், கம்பிகளை மாற்றினான், குமிழ்களைக்கூட மாற்றினான். ஒவ்வொரு முறையும், "இப்பத்தான் சத்தம் உருண்டு திரண்டு வருது" என்று ஆளில்லாத வீட்டில் சொல்லிக்கொண்டான்.

குடிவந்து ஐந்து மாதமாக யாரும் தட்டாத கதவு ஞாயிறு காலை தட்டப்பட்டது. கிட்டாரை வைத்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு போய்த் திறந்தான். கீழ்வீட்டு வசந்தா அக்கா.

"கீழ வரைக்கும் கேக்குதாக்கா?"

"கேக்காம? ஒரு மணி நேரமா உர்ருன்னு ஓடுது. தண்ணி மோட்டரைப் போட்டுட்டு மறந்துட்டீங்களா தம்பி?"

"ஸாரிக்கா" என்றவன், அவள் பார்க்க, அணைந்தே இருந்த மோட்டர் சுவிட்சை ஒருமுறை போட்டு அணைத்தான்.