நடுத்தாள்

"வாங்க" என்றாள் தங்கை. உட்காரச் சொல்லவில்லை.

விவரம் தெரிந்த நாளிலிருந்து அண்ணனை நீ, வா, போ என்று பேசியவள். ஏழு வருடம் முகத்தில் விழிக்காமல் இருந்ததில் மரியாதை கற்றுக்கொண்டிருக்கிறாள். இப்படி ஒரு 'வாங்க' சொல்வதற்குக் கதவை முகத்தில் சாத்தியிருக்கலாம்.

அண்ணன் கண்டுகொள்ளாத மாதிரி செருப்பைக் கழற்றினார். காரியம் ஆகும்வரை ரோஷம் பார்க்கக் கூடாது என்று பேருந்திலேயே தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தவர்.

கக்கத்தில் அட்டை உறை. அதற்குள் மெல்லிய காகிதம் சுற்றி இரண்டு தாள்கள்.

மூன்று தாள்கள் சேர்ந்தால் ஒரே படம். நிறத்துக்கு ஒரு மரப்பலகையாகச் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றி எடுத்த வண்ண அச்சு. இடது தாளில் கரையில் குடைகளோடு காத்திருக்கும் கூட்டம். வலது தாளில் எதிர்க்கரை. நடுத்தாளில் மழையில் படகு.

அவரிடம் அச்சுப்படங்கள் இருநூறுக்கு மேல் இருந்தன. செப்புத் தகட்டில் எடுத்தவை, கல்லில் எடுத்தவை, எல்லாம் ஓவியர் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திட்டவை. இந்த ஒரு படத்துக்காக அத்தனையையும் தூக்கிக் கொடுக்க அவர் தயார்.

அம்மா போன பிறகு பாகம் பிரித்தபோது, வீடு வேண்டாம், நகை வேண்டாம், நடுத்தாள் மட்டும் போதும் என்று இவள் ஒற்றைக் காலில் நின்றாள். தகட்டு அச்சுக்கும் கல்லச்சுக்கும் வித்தியாசம் தெரியாதவள். எதைப் பிடுங்கினால் அண்ணனுக்கு வலிக்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. கொழுப்பு, வேறென்ன?

இன்றைக்கு அந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிடும் முடிவோடு வந்திருந்தார். எழுபத்தொரு வயதாகிறது. கண் மூடுவதற்குள் மூன்றையும் சேர்த்து மாட்ட வேண்டும்.

"அந்தத் தாள் எங்க இருக்கு?"

"சமையலறையில. போய்ப் பாருங்க."

சமையலறையிலா! எண்ணெய்ப் புகையிலும் தாளிப்பிலுமா! அவர் விறுவிறுவென்று உள்ளே போனார்.

அடுப்பிலிருந்து தள்ளி, சன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் சட்டம் தொங்கியது. கண்ணாடி பளிச்சென்று துடைத்திருந்தது. உள்ளே இருந்தது அவருடைய படம் இல்லை.

வெறும் கறுப்புக் கோடுகள். கோட்டுப் படகில் கோட்டு மனிதர்கள். குடையில் சிவப்பு இல்லை. ஆற்றில் நீலம் இல்லை. பழுப்பேறிய காகிதத்தில் மழைக் கோடுகள் மட்டும் சாய்வாக விழுந்துகொண்டிருந்தன.

மாற்றிவிட்டாள். அசலை எங்கேயோ தள்ளிவிட்டு நகலை மாட்டி வைத்திருக்கிறாள். என் காதிலேயே பூச்சுற்றப் பார்க்கிறாளா?

சட்டத்தைக் கழற்றிச் சன்னலோர மேஜையில் வைத்தார். பின்பலகையை நெம்பித் தாளை எடுத்தார். தன்னுடைய இரண்டையும் உறையிலிருந்து உருவி இருபுறமும் வைத்தார். நகலாக இருந்தால் ஓரங்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டிக்கொடுக்கவில்லை. இடது தாளில் தொடங்கிய படகுக் கயிறு நடுத்தாளில் முடி அளவு பிசகாமல் தொடர்ந்தது. ஒரு மழைக் கோடு இரண்டு தாள்களைக் கடந்து மூன்றாவதில் போய் முடிந்தது.

அதே தாள்தான். ஏழு வருடம் வெயிலைக் குடித்து வண்ணம் மொத்தமும் போய்விட்டது. மரப்பலகையின் கரி மை மட்டும் பிடிவாதமாக மிஞ்சியிருந்தது.

ஒரு படத்தைக் கொன்றவளுக்கு என்ன பெயர்? அடித்துவிடுவோமோ என்று அவருக்கே பயமாக இருந்தது.

"வேணும்னேதானே வெயில்ல மாட்டின?"

"ஆமா" என்றாள் தங்கை. பின்னாலேயே வந்து அடுப்புத் திண்டில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். குரல் உயரவில்லை. "ஒரு நாள்கூடத் திரை போடலை. அந்த வீட்டுக் கூடத்துல இந்தப் படத்துக்காக சன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி வெச்சு ஆணி அடிச்சீங்களே, அங்கதான் அம்மா பதினோரு மாசம் படுத்த படுக்கையா கிடந்தாங்க. 'கொஞ்சம் சன்னலைத் திறடா, கால்ல வெயில் படட்டும்'னு தினம் கேட்டாங்க. 'சாயம் போயிடும்மா'ன்னு சொன்னீங்க. போற அன்னிக்குக் காலையிலயும் கேட்டாங்க."

அவருக்கு மறுக்கத் தோன்றியது. டாக்டரே அதிக வெளிச்சம் வேண்டாம் என்றார் என்று சொல்லலாம். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கு அம்மா கேட்டதும், பகலிலேயே விளக்கைப் போட்டுவிட்டு அவர் வெளியே கிளம்பியதும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

என்ன செய்திருக்க வேண்டும்? படங்களைக் கழற்றி உள்ளே வைத்திருக்கலாம். பத்து நிமிட வேலை. இந்த எளிய விஷயம் இவ்வளவு நாளாக மூளைக்கு எட்டவே இல்லை என்பது அவரை உலுக்கியது.

"நான்..." என்று ஆரம்பித்தார். அழுதுவிடுவார் போலிருந்தது. அழுதால் அவள் மனம் இளகும் என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

தங்கை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் குனிந்து பார்த்தார்.

எதிர்க் கட்டிடத்துக்கு மேலே ஏறிய சூரியன் மேஜையில் விழுந்திருந்தது. அவள் எந்த வார்த்தையைச் சொல்லும்போது என்று தெரியவில்லை, அவருடைய கைகள் இரண்டும் தாமாகவே விரிந்து, தன் இரண்டு தாள்களின் மேல் வெயில் படாமல் மறைத்து நின்றன.