குடைச் சின்னத்தில் குங்குமம்

காசிராஜன் இரண்டு தடவை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மாந்தோப்பு, பங்களா, நான்கு ராஜபாளையம் நாய்கள் எல்லாம் உண்டு. மூன்று வருஷமாகப் பேசத்தான் ஆளில்லை. வீடு தேடி நாலு பேர் வருவார்களென்றே 1996 உள்ளாட்சித் தேர்தலில் குடைச் சின்னத்தில் வார்டு உறுப்பினருக்கு நின்றார்.

எண்ணி முடித்தபோது குடைக்கு ஒரே ஓட்டு. அது அவரே போட்டது.

"கொடுத்த சீட்டு முந்நூத்திப் பன்னெண்டு. பெட்டியில ஒண்ணு கூடுதலா இருக்கு ஐயா" என்று தேர்தல் அதிகாரி தேவஇரக்கம் ஒரு சீட்டை நீட்டினார். அதில் முத்திரை இல்லை. குடையின்மேல் விரலால் குங்குமம் வைத்திருந்தது.

காசிராஜன் மனைவி ஆவுடையம்மாள் எல்லாத் தேர்தலிலும் இப்படித்தான். முத்திரை குத்தாமல் புருஷன் சின்னத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு, சிவந்த விரலோடு வெளியே வருவாள். "ஓட்டை வீணாக்கிட்டியேட்டி" என்று ஒவ்வொரு தடவையும் சத்தம்போடுவார்.

அவள் செத்து மூன்று வருஷம். வாக்காளர் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்க எழுதிக் கொடுத்ததும் அவர்தான்.

"செல்லாதுன்னுதான் எழுதணும்" என்றார் தேவஇரக்கம்.

"எழுதுங்க" என்றார் காசிராஜன். "வீட்டுல நான் சொல்லிக்கிடுதேன்."