எஞ்சின் இறங்கிய விதம்

அன்று அறந்தாங்கியில் எங்கள் கார் கொட்டகையில் இருந்தவர்கள் நான், என் தம்பி ரெங்கராஜ், மெக்கானிக் ஆண்டிச்சாமி, அவருக்குச் சோறு கொண்டுவந்த மனைவி செவந்தி. வேறு யாரும் இல்லை. வருடம் 1956.

காலஞ்சென்ற எங்கள் அப்பா கட்டிய கொட்டகை அது. அங்கே வேலைக்கு வந்த எவர் மேலும் ஒரு கீறல்கூட விழ அவர் விட்டதில்லை. உத்தரத்தில் கப்பி மாட்டி, சங்கிலியால் எஞ்சினைத் தூக்கினோம். காரைப் பின்னால் தள்ளிவிட்டோம். எஞ்சினை இறக்கி வைப்பதற்காக, அதன் அடியில் கட்டைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார் ஆண்டிச்சாமி.

"தொங்குறதுக்கு அடியில கையக் குடுக்காதீங்கன்னா கேக்குறீகளா?" என்று அதட்டினாள் செவந்தி.

"ஐயா வீட்டுச் சங்கிலி ஆனையவே தாங்கும். நீ போயி சோத்தப் போடு" என்று சிரித்தார் அவர்.

சங்கிலி அறுந்தது. அறுந்த துண்டு என் காலடியில் விழுந்தது. மிச்சம், மறுமுனையைப் பிடித்திருந்த ரெங்கராஜின் கையில் தொய்ந்து கிடந்தது. எஞ்சின் இருந்த இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. ஆண்டிச்சாமி ஒரு கையை எடுத்தார். பிறகு மற்றொரு கையையும் எடுத்தார். அதற்குப் பின்பே எஞ்சின் மெல்லக் கீழே வந்து கட்டைகளின் மேல் அமர்ந்தது.

எங்கள் கொட்டகையில் எஞ்சின் விழுந்துவிட்டதாகக் கடைத்தெருவில் பேசுகிறார்கள். விழவில்லை. இறக்கி வைக்கப்பட்டது.