ஏழாம் நம்பர் குழாய்

"கன்ட்ரோல்லயும் கோடு ஏறுதுன்னா உன் கை சுத்தமா இல்லன்னுதானே அர்த்தம்? இதுகூடத் தெரியாமலா ஒன்பது வருஷம் இங்க குப்பை கொட்டினே?"

ஆய்வுக்கூடத் தலைவர் போட்ட சத்தம் வராந்தாவரை கேட்டிருக்கும். அங்கே அவருக்கு 'சுடுதண்ணி' என்று பெயர். முகத்துக்கு நேரே மட்டும் 'சார்'. டெக்னீஷியன் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவள், இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை. அதுவே அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது.

அவர் குதிப்பதிலும் நியாயம் இருந்தது. மாடி வார்டில் ஒரு பஸ் டிரைவர், நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி. மூன்று முறை மருந்து ஏற்றியும் கட்டி கடுகளவும் சுருங்கவில்லை. முடி கொட்டியதுதான் மிச்சம். கட்டியில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாறியிருந்தால் அந்த மருந்தை அது சட்டையே செய்யாது. எத்தனை பாட்டில் ஏற்றினாலும் விழலுக்கு இறைத்த நீர்தான். கட்டியிலிருந்து உதிரும் துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கும் என்பதால், டிரைவரின் ரத்தம் சோதனைக்கு வந்திருந்தது. மாறிய மரபணு இருந்தால் கணினித் திரையில் கோடு மேலே ஏறும்.

நான்காவது முறை மருந்து ஏற்றுவது இன்று மதியம். டிரைவரின் அக்கா காலையிலிருந்து வராந்தா பெஞ்சில் இருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

டிரைவரின் ரத்தத்தில் கோடு ஏறத்தான் செய்தது. கூடவே இயந்திரத்தில் ஓட்டிய கன்ட்ரோல் குழாயிலும் ஏறியதுதான் வினை. கன்ட்ரோல் என்பது நோயில்லாத ஆளின் ரத்தம். அதில் கோடு தரையோடு படுத்துக் கிடக்க வேண்டும். அதுவும் எழுந்துவிட்டால் அந்தச் சோதனையை நம்பி யாரும் கையெழுத்துப் போட முடியாது.

கன்ட்ரோலுக்கு அவர்கள் வெளியே ஆள் தேடுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் இருக்கும் பன்னிரண்டு பேரும் போன மாதம் ஆளுக்கொரு குழாய் ரத்தம் கொடுத்திருந்தார்கள். குழாயில் பெயர் இருக்காது; கொடுத்தவர் ஒரு பட்டியலில் கையெழுத்து மட்டும் போடுவார். ரத்தம் எடுத்த டெக்னீஷியனே பிறகு குழாயில் நம்பர் ஒட்டி, அதையே கையெழுத்துக்கு நேரே எழுதி, பட்டியலைத் தன் டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவாள். இந்த முறை எடுத்தது ஏழாம் நம்பர். இரண்டு தடவை ஓட்டியாகிவிட்டது. இரண்டு தடவையும் அதே கூத்து.

"நானே பக்கத்துல நிக்கிறேன். மறுபடி ஓட்டு" என்றார்.

புது கையுறை, புது ரசாயனப் பெட்டி, பக்கத்து அறையிலிருந்த வேறு இயந்திரம். துணைக்கு ஐந்தாம் நம்பர் குழாயையும், வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஒன்றையும் சேர்க்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் கண்கொத்திப் பாம்பாக நின்றார். அவள் வேலையில் ஒரு பிசகும் இல்லை.

திரையில் டிரைவரின் கோடு ஏறியது. தண்ணீர் அசையவில்லை. ஐந்தும் அசையவில்லை. ஏழு மட்டும் விறுவிறுவென்று ஏறியது.

கை சுத்தமில்லை என்றால் தண்ணீரிலும் ஏறியிருக்க வேண்டும். அவள்மேல் தப்பே இல்லை. அவர் அறிக்கையை முடித்து, மருந்தை மாற்றும்படி மாடிக்குப் போன் செய்தார். வராந்தாவுக்கும் தானே போய், பழைய மருந்து கேட்காது, வேறு மருந்து இருக்கிறது, இன்றைக்கே மாற்றிவிடுவார்கள் என்று அக்காவிடம் சொன்னார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் இரண்டையும் செய்தாள்.

திரும்பி உள்ளே வரும்போதுதான் அவருக்குச் சுரீரென்று உறைத்தது. ஏழு என்பது வெறும் நம்பர் இல்லை. தினமும் இங்கே நடமாடும் ஒரு ஆள். நல்லா இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆள்.

டெக்னீஷியன் பெண் இயந்திரத்தை அணைக்கக்கூட மறந்து நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. இரண்டு நாளாக அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை என்று மற்றவர்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. பட்டியல் இவளிடம்தானே இருக்கிறது. ஐயோ, இந்தப் பெண்ணையா வாய்க்கு வந்தபடி திட்டினோம் என்று கூசிப்போனார்.

தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"முதல் நாளே தெரியும், இல்லையா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"பயப்படாதம்மா. ஒரு விதத்துல இது அதிர்ஷ்டம். இருமல்கூட வர்றதுக்கு முன்னாடி கையில சிக்கியிருக்கு. எந்த மருந்து கேக்காதுன்னும் இப்பவே தெரிஞ்சிருச்சு. அந்த டிரைவர் மாதிரி மூணு தடவை வீணா வேதனைப்பட வேண்டியதில்ல. இன்னைக்கே ஸ்கேன் எடுத்துடலாம், நான் கூட வர்றேன். வீட்டுல சொல்லிட்டியா?"

"இல்ல சார்."

"சொல்லணும்மா. இதையெல்லாம் ஒருத்தரே மனசுல போட்டுப் பூட்டி வச்சுக்கக் கூடாது."

அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. விசும்பிக்கொண்டே டிராயரைத் திறந்து பட்டியலை எடுத்தாள்.

"என் கை தப்பா இருக்கணும், என் கை தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் சார் மூணு தடவையும் ஓட்டினேன்."

பட்டியலை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஏழுக்கு நேரே இருந்தது அவருடைய கையெழுத்து.