விருந்தாளிப் பொத்தான்

சங்குத்தீவில் காற்றாலைகள் ஓய்ந்துவிட்டால், தனியாள் இருக்கும் வீடுகளில்தான் முதலில் மின்சாரம் நிற்கும். விருந்தாளி வந்திருக்கும் வீட்டில் மட்டும் நிறுத்தமாட்டார்கள். மீற்றரில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு.

புழுக்கம் தாங்காமல் ஒருநாள், தனியாக வாழும் எமெல்டா அதை அழுத்திவிட்டாள். பொய் பிடிபடக்கூடாதே என்று உட்கார ஆளில்லாத எதிர்க் கதிரைப் பக்கம் இன்னொரு மின்விசிறியையும் சுழலவிட்டாள். இரண்டாம் கிழமையிலிருந்து தேத்தண்ணியும் இரண்டு கோப்பையில் ஊற்றத் தொடங்கினாள்.

மூன்றாம் மாதம் மின்சார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கேட்டாள்:

“அன்ரி, உங்கட விருந்தாளி இன்னும் போகேல்லையோ?”

எமெல்டா வெறுங்கதிரையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மெல்லக் கதை பிள்ளை. அவருக்குக் கேட்டா எழும்பிப் போயிடுவார்.”