காதில் ஊற்றிய தண்ணீர்

பசியில் வயிறு ஒட்டிப்போயிருந்தது. சோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். உயரத்தில் ஏறலாம் என்று இந்த ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதித் தந்தால்தான் மேஸ்திரி மறுபடியும் சாரம் கட்டக் கூப்பிடுவார்.

டெக்னீஷியன் அம்மா என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, கருவிழி ஆடுகிறதா என்று பார்க்கும் பெரிய கண்ணாடியை மாட்டிவிட்டு, காதில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினார்.

"தலை சுத்துதா?"

"இல்லம்மா."

மறு காதிலும் ஊற்றினார். "இப்போ?"

"துளிகூட இல்ல. பத்தாவது மாடியில நின்னே சுத்தாத தலை, இந்தத் தண்ணிக்கா சுத்தப்போகுது?"

அவர் சிரிக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரையும் ஊற்றிப் பார்த்தார். அதற்கும் நான் கல்லு மாதிரி கிடந்தேன். பாஸாகிவிட்டோம் என்றே நினைத்தேன்.

"ஐயா, நல்ல காதுன்னா இதுக்குத் தலை சுத்தியே ஆகணும். உங்களுக்குக் காது கேக்குது, ஆனா உடம்பைத் தடுமாறாம நிறுத்துற வேலையை ரெண்டு காதுமே செய்யல. கண்ணை வச்சுத்தான் சமாளிச்சு நிக்கிறீங்க. வெளிச்சம் குறைஞ்சா விழுந்துடுவீங்க. இனி ஏணியிலகூட ஏறாதீங்க."

ஏறக் கூடாது என்றே எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்.

வெளியே தம்பி சுவரைப் பிடித்தபடி பெஞ்சிலிருந்து எழுந்தான். கிறுகிறுப்பு அவனுக்குத்தான்; மேஸ்திரி சீட்டு கேட்டதும் அவனிடம்தான். அவன் பேரைச் சொல்லி உள்ளே போய்ப் படுத்தவன் நான்.

"என்னண்ணே, ஏறலாமாமா?"

சீட்டை நீட்டினேன். அதில் இருந்த பேர் அவனுடையது, காது என்னுடையது.

இனி என்னாலும் ஏற முடியாது. என் காதால் தம்பியின் வேலையும் போயிற்று; அவனுக்கு ஒரு வேலை கடன்பட்டிருக்கிறேன்.