பையில் இல்லாதது

"பையைத் திறவுங்கோ அக்கா."

தர்மிளா வாசலை மறித்து நின்றாள். முல்லைத்தீவுக் கடலோரத்து அந்த ஒல்லாந்தர் காலத் தாவரத் தோட்டத்தில் அவள் காவல் வேலைக்குச் சேர்ந்த பிறகு இரண்டு அரிய செடிகள் களவு போய்விட்டன. இன்னொன்று போனால் வேலை இல்லை என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

வெளியே போக வந்த பெண் பையை நீட்டினாள். உள்ளே ஓர் ஈரச் சாக்குத் துண்டும், மண் ஒட்டிய கரண்டியும் மட்டுமே இருந்தன.

"உள்ள போகேக்க சோத்துப் பார்சல் எண்டனீங்கள். சோத்தில மண்ணோ?"

அவள் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

டிக்கெட் கொடுக்கும் அனோஜன் ஜன்னலால் எட்டிப் பார்த்தான். "மூண்டாவதும் போட்டுதோ? தர்மிளா, செடி ஏறிப்போக முன்னம் பரந்தன் பஸ்ஸை மறிச்சு வைக்கட்டே?"

"நீ வாயை மூடு!" தர்மிளா பையை உதறினாள். "எதை அக்கா கிண்டினீங்கள்? வேலிக்கு மேலால ஆரிட்டக் குடுத்தனீங்கள்?"

"இண்டைக்கு நான் ஒண்டும் கொண்டுபோகேல்ல தங்கச்சி."

"நகத்துக்குள்ள மண் கிடக்கு. என்ர வேலை போகப்போகுது!"

அந்தப் பெண் அவள் முகத்தை ஒருகணம் பார்த்தாள். "என்ர பேர் ஸஹீலா. நான் எங்கயும் ஓடமாட்டன். வாங்கோ, காட்டுறன்."

கடல் பக்கமாக நடந்தார்கள். அந்த மூலையில் களவெடுக்க ஒன்றுமே இல்லையே என்று தர்மிளா யோசித்தாள். அங்கே யானைக்கால் போல் அடி பருத்து நின்ற பெருக்குமரம் சுனாமியில் சரிந்துவிட்டது. மிஞ்சியது பெயர்ப்பலகை மட்டும். அதைக் கழற்றச் சொல்லி அதிகாரி இருமுறை சொல்லியும், பெயராவது இருக்கட்டுமே என்று அவள்தான் பெயின்ற் அடித்து வைத்திருந்தாள்.

பலகையின் அடியில் மண் ஈரமாக இருந்தது. ஒரு சாண் உயரத்தில் ஒரு கன்று நின்றது. ஆடு கடிக்காமல் சுற்றிவர முள்ளும் குத்தியிருந்தது.

"வெளிச்செடி உள்ள விடமாட்டியள் எண்டு வாசல்ல எழுதியிருக்கு. அதுதான் பொய் சொன்னனான்," என்றாள் ஸஹீலா.

தர்மிளா குனிந்து இலையைத் தொட்டாள். "இது... பெருக்குமரமே?"

"ஓம். புத்தளத்தில எங்கட வளவில நிக்கிற மரத்தின்ர பிள்ளை. இஞ்ச நிண்டதுக்குப் பேரப்பிள்ளை. மரம் போனாலும் பலகையில புதுப் பெயின்ற். ஆரோ மறக்காம இருக்கினம், அல்ஹம்துலில்லாஹ்."

"நான்தான் அடிச்சனான் அக்கா."

ஸஹீலா மண் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப, இந்த மரம் புத்தளத்துக்கு எப்பிடிப் போச்சு?" என்று தர்மிளா கேட்டாள்.

"தொண்ணூறாம் ஆண்டு புலிகள் எங்கட முஸ்லிம் சனத்தை எல்லாத்தையும் விட்டுட்டுப் போகச் சொல்லேக்க, உங்களைப் போலத்தான், ஒவ்வொரு பையையும் கொட்டிப் பாத்தவங்கள்." ஸஹீலா சிரித்தாள். "நான் சின்னப்பிள்ளை. இந்த மரத்துப் புளிப்புக் கொட்டை ஒண்டைச் சூப்பிக்கொண்டு நிண்டனான். வாயைத் திற எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்ல."